இரண்டு கட்டையில் ஒரு கிட்டார்

அமெரிக்க ராக் குழுவான நிர்வாணாவின் ‘கம் ஆஸ் யூ ஆர்’ பாடலுடைய தொடக்க ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் சிறு கிட்டார் மெட்டை, விரலுக்குக் கொண்டுவர எனக்கு ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது. கிட்டாரின் தடித்த இரண்டு தந்திகளும் அவற்றின் முதல் இரண்டு பிரெட்டுகளும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) மட்டுமே அதற்குத் தேவை. வகுப்பில் சேர்ந்து சில மாதங்களே ஆன பிள்ளைகள்கூட அதை வாசித்துவிடுவார்கள். ஆனால் பதிவில் கேட்பதைப்போல, கிணற்று நீருக்குள்ளிருந்து மேலே எழுந்து வருவதைப்போல அந்த ரிஃப் ஒலிக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தபோது, அதற்கு ஏறக்குறைய நான்கு மாதங்கள் ஆயின. அந்த மாதங்களில் எதைத் தவறாகப் புரிந்துகொண்டேன், எது எப்போது சரியாயிற்று என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன். சென்னையில் ஒரு சிறிய அறையில் ஒரு சிறிய ஆம்பை (கிட்டார் ஒலிபெருக்கியை) வைத்துக்கொண்டு இதே ஒலியைத் தேடும் ஒருவருக்கு இதனால் சில வாரங்களும் சில ஆயிரம் ரூபாயும் மிச்சமானால் மகிழ்வேன்.

நாங்கள் நான்கு பேர் கொண்ட குழு. ஒரு கல்லூரிக் கலைவிழாவின் மாலை நிகழ்ச்சியில் ஐந்து பாடல்கள் வாசிக்க ஒப்புக்கொண்டிருந்தோம். அவற்றுள் இது இரண்டாவது. டிரம்ஸ் வாசிக்கும் தம்பிக்குப் பத்தொன்பது வயது. பேஸ் கிட்டார் வாசிக்கும் நண்பர் எங்கள் எல்லோரையும்விட மூத்தவர், மேடைப் பழக்கம் மிகுந்தவர். பாடுபவருக்கும் கிட்டார் வரும் என்றாலும், இந்தப் பாடலில் அவர் பாட்டை மட்டும் கவனிப்பது என்று முடிவு செய்திருந்தோம். ஆகவே கிட்டாரின் பொறுப்பு முழுவதும் என்னுடையதாயிற்று. என் வீடு பெரம்பூரில். ஒத்திகை, கோடம்பாக்கத்தில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஓர் அறையில். என்னிடம் இருந்தவை ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவில் அமைந்த, மூன்று சிங்கிள் காயில் பிக்கப்புகள் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் ஒற்றைச் சுருள்கள்) கொண்ட கிட்டார், பத்து வாட் பயிற்சி ஆம்ப், ஒரு மல்டி எஃபெக்ட் கருவி ஆகியவை.

அந்தக் கருவியில் இந்த வகை இசைக்கென்றே ஆயத்தமாக ஓர் அமைப்பு இருந்தது. டிஸ்டார்ஷன் (முரட்டு ஒலி), கோரஸ் (அலையும் ஒலி), டிலே (எதிரொலி), ரிவர்ப் (அறை முழக்கம்) என்று எல்லாவற்றையும் கலந்து அது தந்த ஒலி, இரவில் ஹெட்போனில் கேட்கும்போது தலையை நிறைத்தது. முதல் ஒத்திகையில் அதை அப்படியே அறையிலிருந்த பெரிய ஆம்பில் செருகி வாசித்தேன். இரண்டாவது சுற்று முடிவதற்குள் பேஸ் நண்பர் கையை உயர்த்தி நிறுத்தினார். “நீ வாசிக்கறது தெரியுது, என்ன வாசிக்கறேன்னு தெரியலைப்பா” என்றார். நான் ஒலியளவைக் கூட்டினேன். அதனால் டிரம்ஸ் தம்பி இன்னும் வலுவாக அடித்தார், பாடகர் மைக்கைக் கூட்டச் சொன்னார், மைக் கூவத் தொடங்கிற்று. வாடகைக்கு எடுத்த இரண்டு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் இப்படியே கழிந்தது. ஒலியளவு போதாமையால் கிட்டார் கேட்காமல் போகவில்லை என்பதை அன்று நான் அறியவில்லை.

அடுத்த ஒரு வாரம் கிட்டாரைத் தொடாமல் பாடலை மட்டும் கேட்டேன். இது 1991 செப்டம்பரில் வெளிவந்த ‘நெவர்மைண்ட்’ தொகுப்பில் உள்ள பாடல். லாஸ் ஏஞ்சலிஸின் வான் நைஸ் பகுதியில் இருந்த சவுண்ட் சிட்டி ஒலிப்பதிவுக்கூடத்தில் புட்ச் விக்கின் தயாரிப்பில் பதிவாகி, ஆண்டி வாலஸின் கையில் கலவை செய்யப்பட்டது. குழுவின் பாடகரும் கிட்டார் கலைஞருமான கர்ட் கோபேன் கிட்டாரை வழக்கத்தைவிட ஒரு முழு ஸ்வரம் இறக்கி வைத்துக்கொண்டு, எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனத்தின் ‘ஸ்மால் குளோன்’ என்ற கோரஸ் பெடல் (காலால் இயக்கும் சிறு கருவி) வழியாக அந்த ரிஃப்பை வாசித்திருக்கிறார். இவ்வளவு செய்தி எவருக்கும் எளிதில் கிடைக்கும். ஆனால் காதை வைத்துக் கேட்டபோது எனக்குப் புதிதாகத் தெரிந்தது வேறு: ரிஃப்பில் நான் நினைத்த அளவுக்கு டிஸ்டார்ஷன் இல்லை. ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகப் பிக்கின் (தந்தியை மீட்டும் சிறு தகட்டின்) தட்டலோடு கேட்கிறது. அந்தத் தட்டலுக்குப் பின்னால்தான் ஒலி அலைகிறது. நான் அமைத்திருந்த ஒலியிலோ அந்தத் தட்டல், டிஸ்டார்ஷனைக் கூட்டும் கெயினுக்குள்ளும் ரிவர்புக்குள்ளும் புதைந்திருந்தது. ஆகையால் மல்டி எஃபெக்ட்டை ஒதுக்கிவைத்துவிட்டு, வெறும் கிட்டாரையும் ஆம்பையும் மட்டும் வைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

முதலில் சுருதி. வழக்கமான டியூனிங்கில் கிட்டாரின் தடித்த தந்தி ‘இ’ ஸ்வரத்தில், அதாவது நம் கணக்கில் மூன்று கட்டையில் நிற்கும். இந்தப் பாடலுக்கு எல்லாத் தந்திகளையும் ஒரே அளவில் இறக்கி, தடித்த தந்தியை ‘டி’ ஸ்வரத்துக்கு, இரண்டு கட்டைக்குக் கொண்டுவர வேண்டும். டியூனரைப் பார்த்து ஆணியைத் திருகினால் வேலை முடிந்தது என்றுதான் நான் எண்ணினேன். ஆனால் என் கிட்டாரில் இருந்தவை 9 முதல் 42 வரையிலான (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில் தடிமன்) மெல்லிய தந்திகள். ஒரு முழு ஸ்வரம் இறக்கும்போது தந்தியின் இழுவிசை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. தளர்ந்த தந்தியைச் சற்று வலுவாகத் தட்டினாலே ஸ்வரம் ஒரு நொடி மேலே போய்விட்டு இறங்கியது, பிரெட்டில் மோதிச் சலசலத்தது. பதிவில் அந்தக் குறை இல்லை. அண்ணா சாலையில் 1842 முதல் இயங்கிவரும் மியூஸி மியூசிகலுக்குச் சென்று 10 முதல் 46 வரையிலான தந்திக் கட்டு ஒன்றை வாங்கி மாட்டினேன். தடிமன் கூடியதால் இழுவிசை, இரண்டு கட்டையிலும், மெல்லிய தந்திகள் மூன்று கட்டையில் தரும் அளவுக்கே ஏறத்தாழ வந்து நின்றது. இந்த ஒரு மாற்றம் ஒலிக்குச் செய்த நன்மையை எந்தப் பெடலும் செய்யவில்லை என்று உறுதியாகச் சொல்வேன்: தட்டலுக்குத் தந்தி உடனே பதில் சொன்னது, தாழ்ந்த ஸ்வரம் கலங்காமல் நின்றது.

என்னுடையதைப்போல ஸ்பிரிங் தாங்கும் மிதக்கும் பிரிட்ஜ் (தந்திகளின் கீழ்முனையைத் தாங்கும் பகுதி) உள்ள கிட்டார் என்றால், ஒரு தந்தியை மாற்றும்போது மற்ற ஐந்தும் நகரும். ஆறையும் சுற்றிச் சுற்றி நான்கைந்து முறை டியூன் செய்த பிறகே அது அமைதி அடையும். நிகழ்ச்சிக்குச் சற்று முன்பு இந்த வேலையை வைத்துக்கொள்ளக் கூடாது. இயன்றால் இறக்கிய சுருதிக்கென்று தனியாக ஒரு கிட்டாரை ஒதுக்கிவிடுவது நல்லது. நாங்கள் அதற்கு வழியின்றி, ஐந்து பாடல்களையுமே இரண்டு கட்டைக்கு மாற்றிக்கொண்டோம். பாடகருக்கும் அது வசதியாகவே அமைந்தது.

அடுத்து கோரஸ். கைமாற்றாக ஒரு ஸ்மால் குளோன் கிடைத்தது. அதில் இருப்பது ஒரே ஒரு குமிழும் ஒரு சிறிய விசையும்தான்: அலையின் வேகத்துக்குக் குமிழ், ஆழத்துக்கு விசை. உள்ளே நடப்பதைப் புரிந்துகொண்டால் அந்தக் குமிழைத் திருப்புவது எளிதாகிறது. கிட்டாரின் ஒலி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று நேராகச் செல்கிறது, மற்றொன்று சில மில்லிநொடிகள் தாமதித்து வருகிறது. அந்தத் தாமதம் நிலையாக இல்லாமல் மெதுவாகக் கூடிக் குறைகிறது. தாமதம் குறையும்போது ஸ்வரம் இம்மியளவு உயரும், கூடும்போது இம்மியளவு தாழும். இரண்டும் கலக்கையில், கோவிலில் இரண்டு நாகஸ்வரக்காரர்கள் சேர்ந்து ஒரே ஸ்வரத்தைப் பிடிக்கும்போது எழுமே, அந்தத் தடித்த, உயிருள்ள நடுக்கம் பிறக்கிறது. பழைய வகைப் பெடல்களில் இந்தத் தாமதத்தை உண்டாக்கும் சிப்புக்குப் ‘பக்கெட் பிரிகேட்’ என்று பெயர். தீயை அணைக்க வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவதைப்போல, மின்னூட்டத்தை ஒரு கொண்மத்திலிருந்து (கெப்பாசிட்டரிலிருந்து) அடுத்த கொண்மத்துக்குக் கடத்திக்கொண்டே போவதால் அந்தப் பெயர். வழியில் கூர்மையான ஒலிகள் சற்று மழுங்கிவிடுகின்றன. அந்த மழுக்கமே காதுக்கு இதமாக இருக்கிறது.

பெடல் கைக்கு வந்த உற்சாகத்தில் ஆழத்தையும் வேகத்தையும் மிகுதியாக வைத்து வாசித்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா எங்கள் வீட்டுக் கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர். வாசலில் நின்று கேட்டுவிட்டு, “என்னடா, சுருதி அலையுதே?” என்றார். வேண்டுமென்றேதான் அலையவிடுகிறேன், இந்தப் பாட்டின் அழகே அதுதான் என்று விளக்கினேன். சற்று யோசித்து, “அலையறது சரி, அது வந்து நிக்கற எடம் எது?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பெடலை அணைத்துவிட்டு, அவருடைய எலெக்ட்ரானிக் தம்புராவை இரண்டு கட்டையில் வைத்து, அதனுடன் ரிஃப்பை மெதுவாக வாசித்தேன். இதை எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன். தடித்த தந்தியைத் திறந்து வாசித்தால் ஷட்ஜம். முதல் பிரெட் சுத்த ரிஷபம், இரண்டாவது சதுஸ்ருதி ரிஷபம். அடுத்த தந்தியைத் திறந்தால் சுத்த மத்யமம், அதன் இரண்டாவது பிரெட் பஞ்சமம். ஷட்ஜமும் மத்யமமும் தம்புராவோடு ஒட்டின. சுத்த ரிஷபம் ஒட்டவில்லை. தெளிவாக மேலே போய் நின்றது. டியூனரும் அதையே காட்டியது. தடித்த புதிய தந்தி, கழுத்தின் முனையிலுள்ள நட்டின் பள்ளத்துக்குள் முழுவதும் இறங்காமல் உயரமாக உட்கார்ந்திருந்ததுதான் காரணம்: முதல் பிரெட்டில் அழுத்தும்போது தந்தியை வெகுதூரம் கீழே தள்ள வேண்டியிருந்தது, அப்படித் தள்ளும்போது அது இழுபட்டு ஸ்வரம் ஏறியது. கிட்டார் பழுதுபார்க்கும் ஒரு பெரியவர் பள்ளங்களை நுண்ணிய அரத்தால் அளவாக ராவிக் கொடுத்தார். மூன்றாவது பிரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்து, முதல் பிரெட்டுக்கு மேலே ஒரு மயிரிழை இடைவெளி மட்டும் தெரிகிறதா என்று பார்க்கவும் சொல்லிக்கொடுத்தார். பள்ளத்தில் பென்சில் முனையைத் தேய்த்தால் தந்தி சிக்காமல் வழுக்கும் என்பதும் அவர் சொன்னதே.

பிறகு கோரஸை மீண்டும் இயக்கியபோது எனக்கு விளங்கியது இது: கோரஸ், இருக்கும் ஸ்வரத்தைச் சுற்றித்தான் அலைகிறது. அந்த ஸ்வரமே விலகியிருந்தால், விலகலோடு விலகல் சேர்ந்து காதுக்கு மயக்கம் வந்துவிடும். கிட்டார் சுத்தமாகச் சேர்ந்திருக்கும்போது, ஆழ விசையை மேல் நிலையில் வைத்தாலும் பெரியம்மாவுக்கு உறுத்தவில்லை. வேகத்தை மட்டும் வெகுவாகக் குறைத்தேன். பாடல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 தட்டுகள் என்ற நடையில் செல்கிறது. அலை அந்தத் தாளத்தை விடத் தெளிவாக மெதுவாகச் சுழன்றால்தான் ரிஃப்பின் நடையோடு மோதாமல் அடியில் ஓடுகிறது. இரண்டும் நெருங்கிவிட்டால் கேட்பவருக்குத் தாளமே தள்ளாடுவதுபோல் தோன்றும்.

இனி, எனக்கு மிக அதிகமான நேரத்தைச் செலவாக்கிய விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் இப்போது ரிஃப் பதிவைப்போலவே ஒலித்தது. மூன்றாவது ஒத்திகையில் அதே அமைப்பை அறைக்குக் கொண்டுசென்றேன். கிட்டார் மறுபடியும் காணாமல் போயிற்று. பேஸ் கிட்டாரோடு சேர்ந்து தரையில் ஏதோ உறுமியது. பிக்கின் தட்டல் சிம்பலுக்குள் கரைந்தது. எனக்குக் கண்ணில் நீர் வராத குறை.

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, காதின் இயல்பு. ஒலி மெலிதாக இருக்கும்போது தாழ்ந்த ஒலிகளையும் மிக உயர்ந்த ஒலிகளையும் நம் காது குறைவாகவே உணர்கிறது. ஒலி ஓங்க ஓங்க அவற்றை நிறைவாக உணரத் தொடங்குகிறது. ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933இலேயே இதை அளந்து வரைபடமாக வெளியிட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு அஞ்சி மெலிதாக வாசிக்கும் நான், என்னை அறியாமலே ஆம்பின் பேஸ் குமிழையும் ட்ரெபிள் குமிழையும் கூட்டி அந்தக் குறையை ஈடுகட்டியிருந்தேன். அதே குமிழ் நிலைகள், டிரம்ஸுக்கு ஈடான ஒலியளவில், தாங்க முடியாத இரைச்சலாகவும் உறுமலாகவும் மாறிவிட்டன.

இரண்டாவது காரணம், இடப்பங்கீடு. இரண்டு கட்டைக்கு இறக்கிய கிட்டாரின் தடித்த தந்தி 73 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. பேஸ் கிட்டார் அதற்கு ஒரு ஸ்தாயி கீழே. 60, 80, 100 ஹெர்ட்ஸ் என்ற அந்தப் பரப்பில் பேஸ் கிட்டாரும் காலால் அடிக்கும் பெரிய டிரம்மும் ஏற்கெனவே குடியிருக்கின்றன. மேலே ஐயாயிரம் ஹெர்ட்ஸுக்கு அப்பால் சிம்பல்களின் ஆட்சி. நடுவே, ஏறக்குறைய 400 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரையிலான பரப்புதான் கிட்டார் தடையின்றிப் பேசக்கூடிய இடம். அங்கேயும் பாடகரின் குரலோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். நானோ அந்த நடுப்பகுதியை, மிட் குமிழை, குறைத்துவைத்திருந்தேன். தனியே கேட்டால் மிட் குறைந்த ஒலி விரிவாகவும் ஆழமாகவும் தோன்றும். ஆனால் தனக்குரிய வீட்டைக் காலிசெய்துவிட்டு மற்ற இருவரின் வீட்டு வாசலில் போய் நிற்பதுதான் அது.

பேஸ் நண்பரிடம் சொன்னேன். “சரி, பேஸை சுத்தமா எறக்கிட்டு வாசி, நான் கூட வாசிக்கறேன்” என்றார். பேஸ் குமிழை முற்றிலும் இறக்கினேன். ட்ரெபிளைப் பாதிக்குச் சற்றுக் கீழே வைத்தேன். மிட்டைப் பாதிக்கு மேலே கொண்டுசென்றேன். என் கிட்டாரை மட்டும் தனியே வாசித்தபோது தகர டப்பாவைத் தட்டுவதுபோல இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. பிறகு அவர் சேர்ந்துகொண்டார், டிரம்ஸ் தம்பி சேர்ந்துகொண்டார். அந்தத் தகர ஒலி பேஸ் கிட்டாரின் முதுகில் ஏறி உட்கார்ந்ததும், இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய கருவியாக ஒலித்தன. நான் இத்தனை நாளாகப் பதிவில் கேட்டு, கிட்டாரின் கனம் என்று நம்பியிருந்தது இந்தக் கூட்டு ஒலியைத்தான். ஒலியளவைக் கூட்டாமலேயே ரிஃப்பின் ஒவ்வொரு தட்டலும் கேட்டது. அதன்பின் பேஸ் குமிழை, மெலிவு மறையும் இடம் வரை மட்டும், இழை இழையாக ஏற்றினேன். கால்பங்குக்கு முன்பே அது நின்றுவிட்டது. அன்றிலிருந்து, வீட்டில் தனியாக இருக்கும்போது டோனை இறுதிசெய்வதை நான் விட்டுவிட்டேன். பதிவோடு சேர்த்து வாசித்து உத்தேசமாக அமைப்பேன். மற்றவர்கள் வாசிக்கும்போதே கை குமிழுக்குப் போகும்.

ஆம்ப் வைத்திருக்கும் இடமும் கணக்கில் சேரும். தரையில், மூலையில், சுவரை ஒட்டி வைத்த ஆம்ப் தாழ்ந்த ஒலிகளைப் பெருக்கித் தரும். வாசிப்பவரின் முழங்காலை நோக்கியே அது பேசுவதால், கூர்மையான ஒலி அவர் காதை எட்டாமல் நேரே எதிரில் இருப்பவரைத் தாக்கும். நான் ட்ரெபிளைக் கூட்டக் கூட்ட எதிரே நின்ற பாடகர் முகம் சுளித்ததன் காரணம் அதுவே. ஒரு நாற்காலியின்மேல் ஆம்பைத் தூக்கிவைத்து என் காதை நோக்கிச் சற்றுச் சாய்த்தவுடன், ட்ரெபிளை நானே குறைத்துவிட்டேன்.

பிக்கப் தேர்வு பற்றிச் சுருக்கமாக: பிரிட்ஜ் அருகிலுள்ளது மெலிந்தும் கழுத்தருகில் உள்ளது கலங்கியும் ஒலித்தன, கழுத்துப் பிக்கப்பும் நடுப் பிக்கப்பும் சேர்ந்த நிலை எனக்குப் பொருந்தியது. டிஸ்டார்ஷன் பகுதிக்குப் பிரிட்ஜ் பிக்கப். பாடலின் நடுவே வரும் தனி வாசிப்பு, பாட்டின் மெட்டையே ஒட்டிச் செல்வது. ஆகவே அதற்கு அலங்காரம் எதுவும் தேவைப்படவில்லை.

டிஸ்டார்ஷனுக்கு 1978 முதல் விற்பனையில் இருக்கும் பாஸ் டிஎஸ்-1 பெடலை எடுத்துக்கொண்டேன். கோபேனும் அந்தப் பெடலைப் பயன்படுத்தியவர். அதில் கெயினை முழுவதும் ஏற்றிவிட்டால் ஆவேசம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது வேறு. டிஸ்டார்ஷன் கூடக்கூட மெல்லிய தட்டலுக்கும் வலுவான தட்டலுக்கும் இடையிலுள்ள வேறுபாடு அழிகிறது; எல்லாம் ஒரே மட்டத்தில் அமுங்கி, ரிஃப்பைவிட உரத்து எழ வேண்டிய பகுதி ரிஃப்புக்குப் பின்னால் போய்விடுகிறது. மேலும் அந்தப் பெடலின் டோன் குமிழ் அமைந்துள்ள விதத்தால் நடு அதிர்வெண்கள் இயல்பாகவே குறைந்து வரும், அதாவது நான் சிரமப்பட்டு மீட்ட அதே பகுதி. கெயினைப் பாதிக்குக் கீழே இறக்கி, டோனைக் கால்பங்கில் வைத்து, லெவல் குமிழை மட்டும் உயர்த்தினேன். பெடலை மிதிக்கும்போது ஒலி முரடாவதோடு ஓர் அடி முன்னேறி வரவும் வேண்டும். எவ்வளவு என்பதை டிரம்ஸ் தம்பியின் முகத்தைப் பார்த்து முடிவுசெய்தேன், அவர் நிமிர்ந்தால் சரி. பதிவில் இந்த இடங்களில் கேட்கும் பருமன், ஒன்றுக்கு மேற்பட்ட கிட்டார் பதிவுகளை அடுக்கியதால் வருவது. ஒரே கிட்டாரில் கெயினைக் கூட்டி அதைப் பெற முயல்வது வீண். அந்தப் பருமனில் ஒரு பங்கைப் பேஸ் நண்பர் பிக்கால் வாசித்து ஈடுசெய்தார். வரிசையில் டிஎஸ்-1 முதலில், ஸ்மால் குளோன் அதற்குப் பின். மாற்றி வைத்துப் பார்த்தபோது கோரஸின் அலை டிஸ்டார்ஷனுக்குள் நசுங்கிக் குழம்பியது.

சென்னைக்கே உரிய தொல்லைகளையும் சொல்ல வேண்டும். சிங்கிள் காயில் பிக்கப் என்பது ஓர் ஆன்டெனாவுக்குச் சமம். சுற்றுப்புறத்து மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகலை அது அப்படியே வாங்கி ஆம்புக்குக் கொடுக்கும். என் அறையில் முனகலோடு ஒரு கரகரப்பும் இருந்தது. மின்விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரை முழு வேகத்துக்குத் திருப்பியதும் கரகரப்பு நின்றுவிட்டது. அந்த ரெகுலேட்டர் மின்னலையை வெட்டி வெட்டி அனுப்பும் விதமே அதற்குக் காரணம். கழுத்துப் பிக்கப்பும் நடுப் பிக்கப்பும் சேர்ந்த நிலையில், என் கிட்டாரில் நடுப் பிக்கப் எதிர்த்திசையில் சுற்றப்பட்டிருப்பதால், முனகலும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு அடங்கியது. பெடல்களுக்கு மலிவான அடாப்டர் ஒன்றிலிருந்து கிளைவயர் பிரித்திருந்தேன். கோரஸை இயக்கினால் மெல்லிய சீழ்க்கை கேட்டது. தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட வெளியீடுகள் உள்ள 9 வோல்ட் பவர் சப்ளை வந்தபின் அது போயிற்று. முனகலைப் போக்க பிளக்கின் எர்த் பின்னை ஒடித்துவிடச் சொல்வோர் உண்டு. அதை ஒருபோதும் செய்யாதீர்கள். 230 வோல்ட் மின்சாரத்துக்கும் உங்கள் விரலில் இருக்கும் உலோகத் தந்திக்கும் நடுவே உள்ள காப்பு அந்தப் பின்தான்.

கேபிளுக்கு, மின்னணுப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குச் சென்றேன். நல்ல உறையிட்ட கேபிளும் உலோக ஜாக்குகளும் வாங்கி நானே பற்றவைத்துக்கொண்டேன். பத்து மீட்டருக்குப் பதிலாக ஐந்து மீட்டர் என்று நீளத்தைப் பாதியாக்கியதில் எதிர்பாராத பலன் கிடைத்தது. கேபிள் நீள நீள அதன் கொள்திறன் கூடி, பிக்கப்பிலிருந்து வரும் கூர்மையான ஒலிகள் வழியிலேயே கரைகின்றன. நீளம் குறைந்ததும் பிக்கின் தட்டல் இன்னும் தெளிவாயிற்று. நம் ஊர்க் காற்றின் ஈரமும் உப்பும் தந்திகளை விரைவில் துருப்பிடிக்கச் செய்து இதே கூர்மையைத் தின்றுவிடுகின்றன. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்தியின் அடிப்புறத்தையும் சேர்த்துத் துடைத்துவிட வேண்டும்.

நிகழ்ச்சி நாளன்று பிற்பகல் மேடைக்குச் சென்றபோது, ஒலி அமைப்பைக் கவனித்துக்கொண்டிருந்த அண்ணன், “ஆம்ப் எதுக்கு தம்பி, லைன் குடுத்துடுங்க, நான் பாத்துக்கறேன்” என்றார். பெடலிலிருந்து நேராக மிக்ஸருக்குக் கொடுத்தேன். கோரஸ் பகுதி ஏற்கத்தக்கதாகவே இருந்தது. டிஸ்டார்ஷனை மிதித்ததும் தகரக் கொட்டகைக்குள் வண்டு மாட்டிக்கொண்டதுபோல இரைந்தது. கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலிகளைத் தானாகவே மடக்கிவிடுவது. மைதானத்து ஸ்பீக்கர்களோ அனைத்தையும் வெளியே விடுபவை. அவரும் காதைக் கோணிக்கொண்டு, “வேணாம், மைக்கே வெச்சுடலாம்” என்று சிரித்தபடி ஓர் எஸ்எம்57 மைக்கை எடுத்துவந்தார். ஸ்பீக்கரின் நட்ட நடுவில் வைத்தபோது கூர்மை மிகுந்தது; இரண்டு விரற்கடை ஓரமாக நகர்த்தியதும் சரியாக அமைந்தது. “பேஸ் உங்ககிட்ட கம்மியா வருதே, ஏத்தட்டுமா?” என்று கேட்டார். “வேணாம்ணா, பேஸ் கிட்டார் சேர்ந்ததும் சரியாயிடும், ஒரு தடவை கேட்டுட்டுச் சொல்லுங்க” என்றேன். நால்வரும் சேர்ந்து வாசித்ததும், அவர் மிக்ஸருக்குப் பின்னாலிருந்து கட்டைவிரலை உயர்த்தினார்.

மாலையில் கடற்காற்று திரும்பியதும் தந்திகள் இறங்கின. முதல் பாடல் முடிந்தவுடன் ஒலியை அடக்கிவைத்து ஆறு தந்திகளையும் டியூனரில் பார்த்துவிட்டே ரிஃப்பைத் தொடங்கினேன். பெரியம்மா மூன்றாவது வரிசையில் இருந்தார். சுத்த ரிஷபத்தைத் தொட்டபோது அவர் பக்கம் பார்த்தேன். கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

அன்றைய குமிழ் நிலைகளை ஒரு நோட்டில் வரைந்துவைத்திருந்தேன். அடுத்த மாதம் அண்ணா நகரில் வேறோர் ஒத்திகை அறைக்குச் சென்றபோது அந்தப் பக்கத்தைப் பிரித்துப் பெடல்களை அப்படியே அமைத்தேன், அவை பொருந்தின. ஆம்பின் பக்கம் பொருந்தவில்லை. அறை சிறியது, சுவர்கள் நெருக்கம், ஆம்பும் வேறு. பேஸ் குமிழை முற்றிலும் இறக்கிவிட்டு, பேஸ் நண்பரை வாசிக்கச் சொன்னேன்.